எது கமலா, எது விமலா?

கல்யாண வீட்டுக்கு இரவல் போன எவர்சில்வர் டம்ளர்கள் திரும்பி வந்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? ஒவ்வொன்றையும் திருப்பி, வெட்டியிருக்கும் பெயரைப் பார்ப்பீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஒரு நசுங்கலோ கீறலோ காட்டிக் கொடுத்துவிடும். அச்சாக ஒன்றுபோல் இருக்கும் இரட்டைக் குழந்தைகளைக்கூடப் பெற்றவள் பிரித்துச் சொல்லிவிடுவாள்.

ஆனால் பெயர் வெட்டவே முடியாத சாமான்களும் உலகத்தில் உண்டு. எலெக்ட்ரான் அப்படிப்பட்டது. உங்கள் வீட்டு விளக்குக் கம்பியில் ஓடும் எலெக்ட்ரானுக்கும் சூரியனில் இருக்கும் எலெக்ட்ரானுக்கும் எடையிலோ மின்சாரத்திலோ இம்மியளவும் வித்தியாசம் கிடையாது. அது நசுங்காது; கீறல் விழாது; பழசும் ஆகாது.

"நமக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதானே? உண்மையில் இது வேறு, அது வேறாகத்தானே இருக்கும்!" என்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் காண வழி திறந்தவர் 1894-ல் கல்கத்தாவில் பிறந்த சத்தியேந்திரநாத் போஸ். டாக்கா சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த அவர், 1924-ல் ஒளித்துகள்களைப் புது மாதிரி எண்ணிக் கணக்கிட்டு, அந்தக் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் தாமே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அச்சேற்றினார்.

அந்தக் கணக்கைச் சமையலறையிலேயே போட்டுப் பார்க்கலாம். அலமாரியில் இரண்டு தட்டுகள். கமலா என்று பெயர் வெட்டிய டம்ளர் ஒன்று, விமலா என்று வெட்டியது ஒன்று. எத்தனை விதமாக வைக்கலாம்? இரண்டும் மேலே, இரண்டும் கீழே, கமலா மேலே, விமலா கீழே, விமலா மேலே, கமலா கீழே. ஆக, நாலு விதம்.

டம்ளருக்குப் பதில் இரண்டு ஒளித்துகள்களை வையுங்கள். கடைசி இரண்டு விதமும் ஒன்றாகிவிடுகின்றன: மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆக, மூன்றே விதம்! பழுக்கக் காய்ச்சிய இரும்பு சிவந்து ஒளிவிடுகிறதே, அந்த ஒளியின் கணக்கு இப்படி எண்ணினால்தான் சரியாக வருகிறது. ரகசியமாகவாவது கமலா, விமலா என்ற பேதம் இருந்திருந்தால் இயற்கையும் நாலு என்றுதானே எண்ணியிருக்கும்?

எலெக்ட்ரான்கள் இன்னும் கண்டிப்பானவை. ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்கவே கூடாது என்று 1925-ல் பௌலி கண்டார். எனவே ஒரு தட்டை ஒரு நிலை என்று வைத்துக்கொண்டால், அவற்றுக்கு ஒரே விதம்தான்: மேலே ஒன்று, கீழே ஒன்று. இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் மேஜையும் நாற்காலியும் கெட்டியாக நிற்க முடியாது.

"சரி, கண்ணை எடுக்காமல் கவனித்துக்கொண்டே இருந்தால்?" என்று நீங்கள் விடாமல் கேட்கலாம். அதற்கும் சோதனை நடந்தது. 1930-ல் இங்கிலாந்தில் சாட்விக் என்ற விஞ்ஞானி, ஹீலியம் வாயுவுக்குள் ஹீலியத்தின் அணுக்கருக்களையே பாயவிட்டார். மோதியபின் இரண்டும் இரண்டு பக்கம் தெறித்தன. இரண்டும் சமமாகச் சாயும் 45 டிகிரிக் கோணத்தில் எண்ணிப் பார்த்தார். 'முட்டியது எது, முட்டுப்பட்டது எது என்பது நிச்சயம் உண்டு' என்று போட்ட பழைய கணக்கைப்போல் இரண்டு மடங்கு வந்தது! மாட் என்பவர் புதிய பௌதிகத்தின்படி முன்கூட்டிச் சொன்னதும் அதுவே. முன்னே இருந்ததுதான் பின்னே வந்ததா என்ற கேள்விக்கு அங்கே விடை ஒளிந்திருக்கவில்லை, விடையே இல்லை.

பயப்படாதீர்கள், சகோதரிகளே! உங்கள் டம்ளர் உங்களுடையதுதான். உங்கள் குழந்தையும் உங்கள் குழந்தைதான். நேற்றுப் போட்ட கோலத்தையே இன்றும் வாசலில் போட்டால், "அதே கோலம்" என்கிறோம். எந்தப் பொடி எங்கே விழுந்தது என்று யாராவது கேட்கிறார்களா? தனக்கென்று பெயர் இல்லாத பொடிகள் சேர்ந்துதான் பெயருள்ள கோலம் ஆகிறது. நாமும் அப்படித்தான்!