அலமாரியில் உறங்கும் மடிக்கணினி பேசட்டும்!

உங்கள் இல்லத்து அலமாரியைச் சற்றுத் திறந்து பாருங்கள். மகனோ மகளோ மேல்நிலை வகுப்புப் பயின்ற காலத்தில் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி, பழைய சேலைகளுக்கு அடியில் உறங்கிக் கொண்டிருக்கக் கூடும். 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பெற்ற அத்திட்டத்தின் வாயிலாகத்தான் சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என நம் பகுதியின் எத்தனையோ வீடுகளுக்குள் கணிப்பொறி முதன்முதலாக அடியெடுத்து வைத்தது. அவற்றுள் பலவற்றில், மின்பொத்தானை அழுத்தியதும் திரையில் இரு பெயர்கள் தோன்றும். ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். பிள்ளைகள் முதற்பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாவதை ஏறெடுத்தும் பார்த்தாரில்லை.

அவ்விரண்டாவது பெயர் நமக்கு அந்நியமானதன்று. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயக்குதளம் அது. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிவைத்த லினக்ஸ் என்னும் பெருமரத்தின் ஒரு கிளை. அம்மரத்தின் கிளைகள் பலவற்றைக் காசின்றிப் பெறலாம்; பிறருக்குப் படியெடுத்துக் கொடுப்பதும் குற்றமாகாது.

அக்காலத்து விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் பராமரிப்பு 2020 சனவரியில் நின்றது. அடுத்து வந்த விண்டோஸ் 10க்கான பொதுப் பராமரிப்பும் 2025 அக்டோபரில் முடிவுற்றது. ஆகவே, பழைய மடிக்கணினியைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் லினக்ஸைச் சற்றே எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

"லினக்ஸில் ஒலிநாடா ஓடாது, படம் ஓடாது என்கிறார்களே?" என நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் அக்குறை உண்மையாகவே இருந்தது. ஆனால் குறை கணிப்பொறியில் இல்லை; சட்டத்தில் இருந்தது. ஒலியைச் சுருக்கி அடைக்கவும், மீண்டும் விரித்து ஒலிக்கவும் ஒரு சூத்திரம் தேவை. அதனைக் கோடெக் என்பர். நாம் அனைவரும் அறிந்த எம்.பி.3 முறைக்கு ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் முதலானோர் காப்புரிமை பெற்றிருந்தனர். இலவசமாக வழங்கப்படும் லினக்ஸ் அந்த உரிமத் தொகையை எங்கிருந்து கட்டும்? எனவே பல லினக்ஸ் வகைகள் அந்தச் சூத்திரத்தைத் தம்முடன் சேர்த்துத் தராமல், பயன்படுத்துவோரே தனியே நிறுவிக்கொள்ளட்டும் என விட்டுவிட்டன. எம்.பி.3க்கான உரிம ஏற்பாடு 2017இல் முடிவுக்கு வந்துவிட்டது. வேறு சில படமுறைகளுக்கான கோடெக்குகளை இன்றும் தனியே சேர்க்க வேண்டியிருக்கலாம். அது சில நிமிட வேலை.

இத்தொல்லையைப் பெரிதும் தீர்த்து வைப்பது வி.எல்.சி. என்னும் இயக்கி. சாலையில் வைக்கப்படும் ஆரஞ்சு நிறக் கூம்பே அதன் சின்னம். பாரிஸ் நகரின் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய முயற்சி, 2001இல் அனைவருக்கும் உரிய பொதுமென்பொருளாக வெளியாயிற்று. விளம்பரம் சேர்த்தால் பெருந்தொகை தருவதாகப் பலர் வந்தும் மறுத்துவிட்டதாக, அதனை முன்னின்று நடத்திவரும் ழான்-பாப்டிஸ்ட் கெம்ஃப் கூறியிருக்கிறார். குழந்தைகள் கிராஅத் கேட்டுக் கொண்டிருக்கையில் நடுவே ஆபாச விளம்பரம் குறுக்கிடும் இக்காலத்தில், இம்மறுப்பின் மதிப்பு பெற்றோருக்குத் தெரியும்.

இங்கே ஒரு செய்தி. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வி.எல்.சி.யின் இணையதளம் நம் நாட்டில் முடக்கப்பட்டது. காரணம் அப்போது வெளிப்படையாக அறிவிக்கப்படவில்லை. அந்நிறுவனம் சட்ட அறிவிப்பு அனுப்பிய பின்னர், அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது. அந்த மாதங்களில் கண்ட கண்ட தளங்களிலிருந்து போலி வி.எல்.சி.யை இறக்கிக் கொள்ளும் ஆபத்து விண்டோஸ்காரர்களுக்கு இருந்தது. லினக்ஸ்காரர்களுக்கோ அக்கவலை எழவில்லை. லினக்ஸின் ஒவ்வொரு வகையும் தனக்கெனச் சொந்தக் களஞ்சியம் ஒன்றை வைத்திருக்கிறது. மென்பொருள்கள் அதிலிருந்து முத்திரை சரிபார்க்கப்பட்டே இறங்கும். ஆகவே எந்தத் தளத்திற்கும் சென்று தேட வேண்டாம், தேடவும் கூடாது.

நிறுவும் முறைக்கு வருவோம். மடிக்கணினியில் உள்ள லினக்ஸ் மிகப் பழையதாயின், அதன் களஞ்சியம் இப்போது பயன்படாமற் போயிருக்கலாம். புதிதாக லினக்ஸ் மின்ட் வகையின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பை இடுவது நலம், 2 ஜி.பி. நினைவகத்திலும் அது இயங்கும். வன்தட்டில் உள்ள நிழற்படங்களை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிடுங்கள். நிறுவுகையில், பல்லூடகக் கோடெக்குகளையும் சேர்க்கவா எனத் திரை வினவும். அக்கட்டத்தில் குறியிட மறவாதீர்கள். பின்பு, மென்பொருள் மேலாளர் என்னும் பகுதியைத் திறந்து வி.எல்.சி. எனத் தேடி நிறுவ வேண்டியதுதான். கட்டளைச் சாளரம் பழகிய பிள்ளைகள், சூடோ, ஏ.பி.டி., இன்ஸ்டால், வி.எல்.சி. என நான்கு சொற்களை ஆங்கிலத்தில் வரிசையாகத் தட்டி முடித்துவிடுவார்கள்.

முதன்முறை திறக்கும்போது, பாடல் விவரங்களை இணையத்திலிருந்து எடுக்கலாமா என அது அனுமதி கேட்கும். வேண்டாமெனில் குறியை நீக்கிவிடலாம், இயக்கத்திற்கு ஊறில்லை. ஒலி வந்து படம் மட்டும் கறுத்திருந்தால், விருப்பத்தேர்வுகளில் வீடியோ பகுதிக்குச் சென்று வெளியீட்டு முறையை மாற்றிப் பாருங்கள். பழைய இயந்திரங்களில் இது அடிக்கடி நேர்வது. கோப்பின்மேல் வலச்சொடுக்கிட்டு, பண்புகள் பகுதியில் வி.எல்.சி.யை நிலையான இயக்கியாகக் குறித்துவிட்டால் பின்னர் இருமுறை சொடுக்கினாலே போதும்.

ஹிஃப்ளு ஓதும் பிள்ளைகள் உள்ள வீட்டார்க்கு இனிச் சொல்வது மிகவும் பயன்படும். காட்சிப் பட்டியில் கூடுதல் கட்டுப்பாடுகளைத் தேர்ந்தால், ஏ, பி என இரு எழுத்துகள் கொண்ட பொத்தான் ஒன்று தோன்றும். ஆயத்தின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் அதனை அழுத்துங்கள். அப்பகுதி மட்டும், நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஒலிக்கும். வேகத்தைச் சிறிது குறைத்தும் கேட்கலாம். குரலின் சுருதி மாறாது. காசெட்டை முன்னும் பின்னும் சுற்றி, நாடா சிக்கி, பென்சில் விட்டுத் திருகிய தலைமுறைக்கு இது புதுமையாகத்தான் இருக்கும்.

நிக்காஹ் வீடியோவை அக்காலத்தில் வி.சி.டி.யில் வாங்கி வைத்திருப்பீர்கள். மடிக்கணினியில் தட்டு இயக்கி இல்லையெனில், யு.எஸ்.பி.யில் செருகும் இயக்கி கடைகளில் கிடைக்கிறது. மீடியா பட்டியில் தட்டைத் திற என்பதைத் தேர்ந்து வி.சி.டி. எனக் குறியுங்கள். இத்தட்டுகள் ஆண்டுக்காண்டு பழுதடைந்து வருவதால், ஒத்திப்போடுதல் நன்றன்று.

இதனினும் அவசரமானது கைப்பேசிப் பதிவுகள். பொத்தான் கைப்பேசிகள் குரலை ஏ.எம்.ஆர். என்றும், படத்தை த்ரீ-ஜீ-பீ என்றும் சேமித்தன. இன்றைய கைப்பேசிகள் சில அவற்றைத் திறக்க மறுக்கின்றன. வஃபாத்தான நன்னாவின் குரல் அப்படியொரு கோப்பில் அடைபட்டிருக்கிறதா? அழித்துவிடாதீர்கள். வி.எல்.சி. பெரும்பாலும் அதனைத் திறந்துவிடும். மீடியா பட்டியில் மாற்றிச் சேமி என்பதைத் தேர்ந்து, எம்.பி.3 வடிவத்தைக் குறித்தால் எல்லாக் கருவிகளிலும் கேட்கத்தக்க பிரதி கிடைக்கும். மாற்றும்போது ஒலித்தரம் சிறிது குறையும் என்பதால் மூலக்கோப்பையும் உடன் வைத்திருங்கள். இரண்டையும் இரு பென்டிரைவ்களில் ஏற்றி, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றொன்றைப் பரமத்தி வேலூரிலோ ஈரோட்டிலோ வாழ்க்கைப்பட்ட மகளின் வீட்டிலும் வைத்துவிடுங்கள்.