கடன் தீராத வாகனமும் கடல் கடந்த விற்பனையும்

 



நம் மஹல்லாக்களில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சிந்திப்போம். ஒரு சகோதரர் பழைய காரைத் தவணைக் கடனில் வாங்கி ஓட்டுகிறார். ஓரிரு ஆண்டுகளில் வளைகுடாவுக்கு விசா வந்துவிடுகிறது. அப்போது ஒருவர் வந்து, "கையில் ஒன்றரை லட்சம் தருகிறேன், மீதித் தவணையை நான் கட்டிக்கொள்கிறேன், பெயர் மாற்றத்தைப் பிறகு பார்ப்போம்" என்கிறார். பயண அவசரத்தில் இவரும் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார். ஆறு மாதம் கழித்துத் தவணை நின்றுபோகிறது. கடன் கொடுத்த நிறுவனத்தார், ஊரிலுள்ள வயதான வாப்பாவின் வாசலில் வந்து நிற்கிறார்கள். "நான்தான் விற்றுவிட்டேனே, எனக்கென்ன பொறுப்பு?" என்று மகன் தொலைபேசியில் கேட்கிறார்.

பொறுப்பு அவருடையதே. மார்க்கமும் அதையே சொல்கிறது. நாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது.

அடமானப் பொருளின் சட்டம்

கடனுக்கு ஈடாக ஒரு பொருளை வைப்பதை ஃபிக்ஹு நூல்கள் 'ரஹ்ன்' என்கின்றன. இது ஆகுமானதே. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது, முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக அவர்களின் உருக்குச் சட்டை ஒரு யூதரிடம் அடமானத்தில் இருந்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஆனால் அடமானப் பொருளில் கடன் கொடுத்தவரின் உரிமை கலந்திருக்கிறது. அவருடைய அனுமதியின்றி அதை விற்றால் அவ்விற்பனை செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அவர் அனுமதிக்கும் வரை, அல்லது கடன் அடைக்கப்படும் வரை அது நிறைவேறாமல் நிறுத்திவைக்கப்படும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம்.

கார் நம் வாசலில்தானே நிற்கிறது என்று எண்ண வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவரின் பெயர் ஏறியிருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 51ஆம் பிரிவின்படி, அவரது எழுத்துபூர்வமான சம்மதமின்றி உரிமை மாற்றத்தைப் பதிய முடியாது.

'மீதியை அவர் கட்டுவார்' என்பது சரியா?

ஒருவரின் கடனை மற்றொருவர் மீது மாற்றுவதை மார்க்கச் சட்டத்தில் 'ஹவாலா' என்பர். இன்று மக்கள் கள்ளப் பணப் பரிமாற்றத்திற்குச் சொல்லும் ஹவாலா அன்று இது. இந்த மாற்றத்திற்குக் கடன் கொடுத்தவரின் சம்மதம் தேவை. அவருக்குத் தெரியாமல் இருவர் பேசிக்கொண்டதால் முதற் கடனாளியின் கழுத்திலிருந்து கடன் இறங்கிவிடாது.

இன்னொரு தீங்கும் இதில் உண்டு. அக்கடன் வட்டிக் கடனாக இருந்தால், வாங்குகின்ற சகோதரரையும் நாம் வட்டி கொடுப்பவராக ஆக்கிவிடுகிறோம். வட்டி உண்பவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் ஆகிய அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. வட்டிக் கடன் வாங்கிய பாவத்திற்குத் தவ்பா செய்ய வேண்டும். ஆனால் 'அது வட்டிக் கடன்தானே' என்று கூறி அசலைக் கட்டாமல் விடுவது வேறொரு பாவமாகும்.

பெயர் மாறாததன் ஆபத்து

ஒரு கார் விற்கப்பட்டுப் பல கை மாறியது. பதிவேட்டில் மட்டும் முதல்வரின் பெயரே இருந்தது. 2009இல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் பெயருள்ளவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் ரியாத்தில் உறங்கிக்கொண்டிருக்கையில், உங்கள் பெயரிலுள்ள வாகனம் ஊரில் ஒருவரது உயிரைப் பறித்தால் நிலை என்னவாகும்?

நேரான வழி

முதலாவதாக, இன்ன தேதியில் கடனை முடிக்க எவ்வளவு வேண்டும் என்பதைக் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் பெறுங்கள். காரின் விலை நான்கு லட்சம், கடன் இரண்டரை லட்சம் என்றால், வாங்குபவர் அந்த இரண்டரை லட்சத்தை நேரே கடன் கணக்கில் செலுத்தட்டும். எஞ்சிய ஒன்றரை லட்சம் உங்களுக்கு.

இரண்டாவதாக, கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றையும் 35ஆம் எண் படிவத்தையும் பெற்று, ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்குங்கள். பின்னர் 29, 30ஆம் எண் படிவங்களில் ஒப்பமிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். மாநிலத்திற்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவதாக, நீங்கள் ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்தால், நம்பிக்கையான உறவினரை வக்கீலாக, அதாவது உங்கள் பிரதிநிதியாக ஆக்குங்கள். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் அனுப்புங்கள். அது ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். வாகன எண்ணும், எந்தெந்த அதிகாரம் என்பதும் அதில் தெளிவாக இருக்கட்டும். நபி (ஸல்) அவர்கள் ஆடு வாங்க உர்வா (ரலி) அவர்களிடம் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். பிரதிநிதியின் அமானிதம் இப்படி இருக்க வேண்டும்!

நான்காவதாக, விபத்தில் அடிபட்டது, வெள்ளத்தில் நின்றது போன்ற குறைகளை மறைக்காதீர்கள். ஈரமான தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கடிந்துரைத்ததை மறவாதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தில் இறைவன் கட்டளையிடுகிறான். எனவே வாகனத்தை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி, இருவரும் ஒப்பமிடுங்கள்.

அன்பர்களே! கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தொழவைக்க முன்வரவில்லை. அக்கடனை நான் ஏற்கிறேன் என்று அபூகதாதா (ரலி) அவர்கள் கூறிய பின்னரே தொழவைத்தார்கள். கடன் மூன்று தீனார்தான்! வெளிநாடு செல்பவர் ஊர் திரும்புவாரா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஆகவே கடனை முடித்துவிட்டுப் பயணப்படுங்கள்; போய்விட்டவர்கள் இந்த மாதமே வீட்டாரோடு பேசி வழி செய்யுங்கள்.

வல்ல ரஹ்மான் நம்மைக் கடன் சுமையிலிருந்து காத்து, நம் வாணிபத்தில் பரக்கத்தை நல்குவானாக! ஆமீன்.