வேலிமசால் விதை முளைக்கலையா? கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன்...

வேலையை விடாமலேயே ஊரில் பத்து ஆடு வளர்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் பலர் முதலில் வாங்குவது வேலிமசால் விதை. யூடியூபில் பார்த்தபடி உழுது, விதைத்து, தண்ணீர் பாய்ச்சி, பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்திருக்கும். ‘விதை டூப்ளிகேட் சார்’ என்பார் பக்கத்துத் தோட்டக்காரர். பல நேரம் விஷயம் அது இல்லை.

வேலிமசால் நம்ம ஊர்ச் செடி அல்ல, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் இருந்து வந்தது. சூபாபுல் எனும் சவுண்டலின் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். இரண்டிலும் விதைத்தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. ஒரே மழைக்கு எல்லாம் முளைத்து, அடுத்த வறட்சியில் மொத்தமாகக் கருகிவிடாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. செடிக்கு அவசரமில்லை, நமக்குத்தான் அவசரம்.

அதனால் விதைக்கும் முன் வீட்டிலேயே ஒரு டெஸ்ட். 100 விதையை எண்ணி, ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, காயாமல் நிழலில் வையுங்கள். இன்னொரு 100 விதையை வெந்நீர் நேர்த்தி செய்து அதேபோல் வையுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சூடு 80 டிகிரிக்குத் தணிந்ததும் விதையைப் போட்டு 4, 5 நிமிடம். பிறகு இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில். அடுப்பில் வைத்தே கொதிக்க விட்டால் சுண்டல்தான் கிடைக்கும்.

பத்து நாள் கழித்து எண்ணுங்கள். முளைக்காததை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென நசுங்கினால் செத்த விதை. போட்டபோது இருந்த மாதிரியே கல்லாக இருந்தால் அது ‘கடின விதை’. தண்ணீரே இன்னும் உள்ளே போகவில்லை. பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். குதிரைமசால் போன்ற பயறு வகைத் தீவனங்களுக்கு, நம் நாட்டு விதைச் சான்றுத் தரத்தில் முளைப்புத்திறன் என்பது கடின விதையையும் சேர்த்த கணக்கு. லேபிளில் உள்ள சதவீதம் பொய்யில்லை. ஆனால் அத்தனையும் இந்த மழைக்கே முளைக்கும் என்று அர்த்தமும் இல்லை.

நேர்த்தி செய்யாததில் 30, செய்ததில் 80 முளைத்தால் கடைக்காரர் மேல் தப்பில்லை. மொத்த விதைக்கும் வெந்நீர் காட்டி விதைக்கலாம். இரண்டிலும் அழுகல்தான் அதிகம் என்றால் தாராளமாகச் சண்டை போடலாம்.

கினியா புல் விதைக்கு மட்டும் இந்த வெந்நீர் வைத்தியம் வேண்டாம். அதில் பாதி பதராக இருக்கும், புதிதாக அறுத்தது சில மாதம் உறங்கும். அதனால்தான் பலரும் விதையை விட்டுவிட்டு வேர்க்கரணை நடுகிறார்கள்.