திரையில் பக்கம் புரளும்போது பாக்கி தவறுவது ஏன்?



பேரேட்டைப் புரட்டியே பழகியவர்கள் நாம். இன்று பில்லும் பாக்கியும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. திரையின் அடியில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கின்றன. அழுத்தினால் அடுத்த பக்கம் வருகிறது. இதுவும் பேரேடு போலத்தான் என்று நாமும் நம்பியிருந்தோம். அது தவறு என்பதை நமது மண்டியில் நடந்த ஒரு சம்பவம் உணர்த்தியது.

வசூலுக்குப் போகும் பையனுக்காக நமது கணக்குப்பிள்ளை திரையைப் பார்த்துப் பாக்கிப் பட்டியல் எழுதினார். பழைய பில் முதலில், பக்கத்துக்கு 20 பில். அதில் ஒரு மளிகைக் கடையின் 18,400 ரூபாய் விடுபட்டுப் போயிற்று. அடுத்த வாரம் கடைக்காரரே பணத்துடன் வந்து, "ஏன் அண்ணாச்சி, இந்தத் தடவை வசூலுக்கு ஆளே வரலையே?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. 22 ஆண்டுகளாக நம்மிடம் இருப்பவரை, "வேண்டிய கடை என்று விட்டுவிட்டீரோ?" என்று கேட்டுவிட்டோம். அவர் பதில் பேசவில்லை.

சாப்ட்வேர் தெரிந்த ஒருவரை அழைத்து விசாரித்ததில் விஷயம் விளங்கியது. பேரேட்டில் எழுதியது எழுதிய இடத்திலேயே இருக்கும். கம்ப்யூட்டரில் அப்படியல்ல. ஒவ்வொரு முறை நாம் அழுத்தும்போதும் அது பட்டியலைப் புதிதாகத் தயாரித்து, "முதல் 20-ஐத் தள்ளு, அடுத்த 20-ஐக் காட்டு" என்று எண்ணித் தருகிறது. தள்ளும் கணக்கை 'ஆஃப்செட்' என்றும், காட்டும் கணக்கை 'லிமிட்' என்றும் சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை முதல் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அதில் இருந்த ஒருவர் கல்லாவில் பணம் கட்டிவிட்டார். அவர் பெயர் பட்டியலை விட்டு நீங்கியதும், 21-ஆவது பில் 20-ஆவது இடத்துக்கு ஏறிவிட்டது. இரண்டாம் பக்கத்தை அழுத்தியபோது அதுவும் சேர்த்துத் தள்ளப்பட்டது. எந்தப் பக்கத்திலும் அது அவர் கண்ணில் படவில்லை. புதிய பில் முதலில் வரும் பட்டியலானால் இதற்கு நேர்மாறு: இடையில் ஒரு பில் போட்டால், பார்த்த பில்லே அடுத்த பக்கத்திலும் வரும். ஒரே பாக்கியை இருமுறை கேட்டால் வாடிக்கையாளர் மனம் நோகாதா?

இன்னொரு குறையும் உண்டு. 500-ஆவது பக்கம் கேட்டால், 9,980 வரிகளைக் கடந்த பிறகே 20 வரியைக் காட்டும். ஆகவேதான் கடைசிப் பக்கங்கள் மெதுவாக வருகின்றன.

இதற்கு வழி இருக்கிறது. எண்ணித் தள்ளாமல், "கடைசியாகப் பார்த்த பில்லுக்கு அடுத்த 20" என்று கேட்கும்படி அமைக்கலாம். பேரேட்டில் நூல் வைத்துவிட்டு அங்கிருந்து தொடர்வது போல. தேதியை மட்டும் அடையாளமாக வைத்தால் போதாது; ஒரே நாளில் பல பில் இருக்கும். தேதியோடு பில் எண்ணும் சேர வேண்டும். நேராக 50-ஆம் பக்கத்துக்குத் தாவ முடியாது என்பது இதில் உள்ள ஒரு சங்கடம்.

சாப்ட்வேர் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். அதுவரை, வசூல் பட்டியலைப் பக்கம் பக்கமாக எழுதாமல் ஒரே தடவையில் அச்செடுத்து, கூட்டுத்தொகையை மொத்தப் பாக்கியுடன் சரிபார்ப்பது நலம்.

கணக்குப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். கேட்காமல் சந்தேகித்ததுதான் நமது கணக்கில் பெரிய பிழை.