கடெற் என்னும் சிறுவண்டி

நன்னூல் வகுப்பிலே திசைச்சொல்லைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். மாணவர் படையிற் சேர்ந்திருக்கும் ஒருவன் எழுந்து, “கடெற் என்பதும் திசைச்சொல்லோ, ஐயா?” என்று வினவினான். நான் வாய் திறக்குமுன், பின்வாங்கிலிருந்து மற்றொருவன், “அது ஒரு பழைய ஜேர்மன் காரின் பெயர், ஐயா” என்றான். வகுப்பு நகைத்தது. எனக்கோ நகைப்பு வரவில்லை. வண்டி செலுத்த அறியாத யான் ஒரு கிழமையாக அவ்வண்டியின் பின்னே திரிந்தேன்.

கடெற் என்பது பிரெஞ்சு மொழியில் இளைய மகனைக் குறித்த சொல். குடும்பச் சொத்து மூத்தவனுக்குப் போய்விட, இளையவன் படையிற் சேர்வான். ஆதலாற் படைப்பயிற்சி பெறும் இளைஞனுக்கும் அதுவே பெயராயிற்று. ஒப்பெல் கம்பனியார் 1936ஆம் ஆண்டின் இறுதியில் தம் சிறுவண்டிக்கு இப்பெயரிட்டனர். மறு ஆண்டிற் பெருவண்டி ஒன்றுக்கு அட்மிரல் என்றும், 1938இல் வேறொன்றுக்குக் கப்பித்தான் என்றும் பெயர் வைத்தனர். கப்பித்தானும் கடெற்றும் தலை என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் வேரிற் பிறந்தவை. அட்மிரலோ அமீர் என்னும் அரபுச் சொல்லின் வழியது. யுத்தம் அணுகிக்கொண்டிருந்த நாட்டிலே கார்களுக்கும் பதவிப் பெயர்கள்!

கடெற்றுக்கு மூத்தது ஒலிம்பியா. 1936இற் பேர்லினில் நடைபெறவிருந்த விளையாட்டு விழாவைக் கருதி, 1935இல் வெளிவந்தது. அதற்கு முன்னைய கார்களிற் பெரும்பாலானவை நம் மாட்டுவண்டி போல்வன: அடியிலே கனத்த சட்டம், அதன்மேல் ஏற்றிய கூடு. ஒலிம்பியாவிலோ சட்டமே தனியாக இல்லை. உருக்குத் தகட்டாலான கூடே பாரத்தைத் தாங்கிற்று. நத்தை தன் ஓட்டையே வீடாகக் கொள்வது போல. ஜேர்மனியிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட கார்களுள் இவ்வமைப்பைப் பெற்றது அதுவே முதல். எடை குறைந்தது. அக்கூட்டின் வழிவந்ததே கடெற், 1.1 லீற்றர் யந்திரம், 23 குதிரைவலு.

விலையைப் பார்த்தேன்: ஒலிம்பியா 2,500 மார்க்கு, கடெற் 2,100. நடுத்தரக் குடும்பத்தார் எண்ணிப் பார்க்கத்தக்க விலை; தொழிலாளிக்கு எட்டாதது. அவனுக்கென ஹிட்லரின் ஆட்சி 990 மார்க்கில் ஒரு வண்டி தருவதாக 1938இற் கூறிற்று. கிழமைக்கு ஐந்து மார்க்குக்கு முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டிவரவேண்டும். ஏறத்தாழ 3,36,000 பேர் அதை நம்பிச் சேமித்தனர். யுத்தம் வந்தது, அவருள் ஒருவர் கையிலும் அவ்வாட்சி வண்டியைக் கொடுக்கவில்லை. இதை வாசித்தபோது காரை மறந்து அந்த அட்டைகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடெற் செய்தல் 1940இல் நின்றது. சுமார் 1,07,000 வண்டிகள் அதுவரை வெளிவந்திருந்தன. தொழிற்சாலை படைக்கு வேலைசெய்தது; பிறநாட்டார் பலர் அங்கே கட்டாய வேலைக்குட்படுத்தப்பட்டனர். 1944இற் குண்டுகள் விழுந்தன.

யுத்தம் முடிந்தபின் நட்டஈடாகக் கடெற் ரஷ்யருக்குச் சென்றது. நான்கு கதவுடைய அவ்வுருவமே மொஸ்க்விச், அதாவது மொஸ்கோவான், என்னும் பெயரோடு 1946இன் இறுதியில் மொஸ்கோவிலிருந்து வெளிவந்தது. மொழிபெயர்ப்பாளர் பலரை நான் அறிவேன். மூலத்தை ஊர்ப்பெயரோடு இத்துணைத் துணிவாகத் தமதாக்கிக்கொண்டவரைக் கண்டதில்லை. 1956 வரை, யந்திரம் சற்றுத் திருத்தப்பட்ட பின்னும் அதே உருவில், 2,47,000 அளவில் அங்கே செய்யப்பட்டன. பிறந்த நாட்டில் உண்டானவற்றின் இருமடங்குக்கு மேல். ஜேர்மனியிற் கடெற் என்னும் பெயர் மீண்டும் வழங்கியது 1962இலேதான், முற்றிலும் வேறொரு வண்டிக்கு.

அடுத்த வகுப்பில், “கடெற் திசைச்சொல்லே” என்று தீர்ப்புக் கூறினேன். பின்வாங்கு மாணவன் எழுந்தான். “அப்படியானால் மொஸ்க்விச் எந்தத் திசை, ஐயா?”

மணி அடித்துவிட்டது.