தயாராகாமல் எடுத்த படம்

புனே நகரின் மேற்கு ஓரத்தில் உள்ள வாகட், ஒரு தலைமுறைக்கு முன்பு வரை வயல் சூழ்ந்த கிராமம். அடுத்துள்ள ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு அங்கே மாடிக் குடியிருப்புகள் நெருக்கமாக எழுந்துவிட்டன. என்ஜினீயர், கணக்கு எழுதும் குமாஸ்தா, வாட்ச்மேன், இட்லி வண்டி வைத்திருப்பவர் என்று எல்லாத் தரத்திலும் தமிழர்கள் அங்கே குடியிருக்கிறார்கள்.

இவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும் படங்கள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். கல்யாணப் படம், பிள்ளையின் முதல் பிறந்த நாள் படம், ஊரில் பெற்றோருக்கு நடந்த அறுபதாம் கல்யாணப் படம். எல்லோரும் புது உடுப்பில் நேராக நிற்பார்கள். ஊருக்கு அனுப்புவதும் இந்த ரகப் படங்களைத்தான். "இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்ல அனுப்பும் படங்கள் அவை. வாடகை ஏறியிருக்கலாம், சம்பளம் தாமதமாகியிருக்கலாம். படத்தில் சட்டையின் மடிப்பு மட்டும் கலையாது.

ஊரில் இருக்கும் தாய் அதைப் பார்த்து மகிழ்கிறாள் என்பது உண்மையே. ஆனால் அவள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது வேறொரு படமாக இருக்கும். யாரோ விளையாட்டாகத் தட்டிவிட்ட படம் அது. மகன் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறான். மருமகள் எதற்கோ சிரிக்கிறாள். பேரன் ஒற்றைக் காலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறான். ஊரில் இருந்தவரை ஒரு டம்ளர் தண்ணீர் தானாக எடுத்துக் குடிக்காத பிள்ளை வெங்காயம் உரிக்கிறானே! அவன் போனில் ஒரு நாளும் சொல்லாத சேதி அது. குடும்பம் நன்றாக நடக்கிறது என்று அவளுக்கு நம்பிக்கை தருவது அந்தப் படம்தான்.

"அசையாதே!"

தமிழ்நாட்டில் போட்டோ என்றால் ஸ்டூடியோதான் என்றிருந்த காலம் நீண்டது. மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரை, ஒரு பூந்தொட்டி, முக்காலி மேல் என்றைக்கும் மணி அடிக்காத ஒரு டெலிபோன். பெண் குழந்தைக்குச் சடையில் பூத்தைத்து, பின்னலும் தெரியும்படி கண்ணாடி முன் நிறுத்தி ஒரு படம். துணிக்குள் தலையை விட்டிருக்கும் போட்டோகிராபர் "அசையாதே!" என்பார். மூச்சைப் பிடித்து நிற்பவர் முகத்தில் சிரிப்பு எங்கிருந்து வரும்? தாத்தாக்கள் எல்லோரும் கோபக்காரர்கள் என்று பேரப்பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

அதற்காக ஸ்டூடியோப் படங்களைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி நகலெடுத்துக் காக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது. லண்டன் பிரிட்டிஷ் நூலகம் அதற்கு உதவி செய்தது. ஒரு குடும்பம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. எப்படி இருந்தது என்பதற்குத்தான் வேறு படம் வேண்டும்.

சுருளின் கடைசிப் படம்

அந்த வேறு படத்தைத் தந்தது சொந்தக் காமிரா. அக்பா 'க்ளிக் 3' என்ற சிறு காமிராவைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சுருளுக்கு 12 படம். ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் தயாரித்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது.

பன்னிரண்டில் பதினொன்று திட்டப்படி செலவாகும். கோயில் வாசலில் ஒன்று, மாமா குடும்பத்தோடு ஒன்று என்று கணக்குப் பார்த்துத்தான் எடுப்பார்கள், ஒவ்வொன்றும் காசாயிற்றே. கடைசியில் ஒன்று மிஞ்சும். சுருளைக் கழுவக் கொடுக்க வேண்டும், வீணாக்கவும் மனசில்லை. அப்போது முற்றத்தில் யார் இருந்தாலும் சரி என்று ஒரு தட்டு. தலைமுடி உலர்த்தும் அத்தை, அரிசி புடைக்கும் பாட்டி, பனியனோடு பேப்பர் படிக்கும் அப்பா. கட்கியிலும் தேஹு ரோடு ராணுவப் பகுதியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர் வீட்டு ஆல்பங்களைப் புரட்டினாலும் இத்தகைய படம் ஒன்றிரண்டு அகப்படும். இன்றைக்கு அந்தப் பாட்டி எப்படி இருப்பாள் என்று கேட்கும் பிள்ளைக்குக் காட்டுவதற்கு இருப்பது அந்த மிச்சப் படம் ஒன்றுதான்.

காந்தி விதித்த 3 நிபந்தனைகள்

தயாராகாத படங்களுக்கு இந்தியாவில் தலைசிறந்த எடுத்துக்காட்டு காந்தியின் குடும்பத்திலேயே இருக்கிறது. எடுத்தவர் கனு காந்தி (1917-1986). காந்திக்குப் பேரன் முறை. சேவாகிராம ஆசிரமத்தில் கடிதப் போக்குவரத்தும் கணக்கும் பார்த்து வந்தவர், அதாவது ஒரு குமாஸ்தா. காமிரா வாங்க ஆசை பிறந்தது. தொழிலதிபர் ஜி.டி. பிர்லா 100 ரூபாய் கொடுத்தார். ரோலிபிளக்ஸ் காமிரா வந்தது.

காந்தி மூன்று நிபந்தனைகள் விதித்தார். பளிச்சென்று அடிக்கும் பிளாஷ் விளக்கு கூடாது. யாரையும் இப்படி நில், அப்படிப் பார் என்று சொல்லக் கூடாது. செலவுக்கு ஆசிரமம் பணம் தராது. 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1948 வரை கனு இவற்றுக்குக் கட்டுப்பட்டே படம் எடுத்தார்.

கிடைத்தவை என்ன? 1940 கோடையில் சேவாகிராமத்தில் வெயிலுக்குத் தலையில் தலையணையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும் காந்தி. 1945-ல் பம்பாய் பிர்லா இல்லத்தில் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நிற்கும் காந்தி. 1945-46-ல் வங்கம், அஸ்ஸாம், தென்னாடு என்று ரயிலில் போனபோது, அரிஜன நிதிக்காகப் பெட்டியிலிருந்து கை நீட்டும் காந்தி. 1939-ல் பர்தோலியில் கஸ்தூர்பா அவர் காலைக் கழுவ, வல்லபாய் படேல் பார்த்துக்கொண்டிருக்கும் படமும் உண்டு. இந்தக் காலத்துப் பெண் அதைப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்பாள். கேட்கட்டும். படத்துக்கென்று நிறுத்தி வைத்திருந்தால் கேள்விக்கே இடமிருந்திருக்காது.

ஜூஹு கடற்கரையில் ஒரு சிறுவன் காந்தியின் கைத்தடி நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் ஓடும் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தச் சிறுவன் பெயரும் கனுதான். ஆனால் வேறு கனு. காந்தியின் மகன் ராம்தாசின் பிள்ளை, 2016-ல் காலமானவர். படம் 1937-ல் எடுத்தது. தண்டி யாத்திரைப் படம் என்று சிலர் சொல்வது தவறு.

எடுக்காத படம்

காந்தியும் கஸ்தூர்பாவும் 1942 ஆகஸ்டிலிருந்து சிறை வைக்கப்பட்ட ஆகாகான் மாளிகை புனேயில்தான் இருக்கிறது. வாகடிலிருந்து நகரைக் குறுக்கே கடந்து சுமார் 20 கிலோமீட்டர் போக வேண்டும். 1944 பிப்ரவரி 22-ந் தேதி கஸ்தூர்பா கணவரின் மடியில் உயிர் விட்டார். அந்தக் கடைசி நேரத்தைப் படம் எடுக்கக் கனுவைக் காந்தி அனுமதிக்கவில்லை. பிளாஷ் கூடாது என்ற முதல் நிபந்தனையைவிட இது கடுமையானது என்றாலும் கனு கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கும் பெரியவரைப் படம் எடுத்து உறவினர் குழுவுக்கு அனுப்பும் பழக்கம் பரவிவரும் இந்நாளில் அந்த மறுப்பு நினைக்கத்தக்கது.

1948 ஜனவரி 30 அன்றும் கனு காந்தியின் பக்கத்தில் இல்லை. காந்தி சொன்னபடி அவர் நவகாளியில் இருந்தார்.

அழிக்கும் விரல்

இன்று சுருளும் இல்லை, கழுவும் கூலியும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் 200 படம் எடுக்கலாம். எடுத்த கையோடு பார்க்கவும் செய்யலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கண் மூடிய படம், வாய் திறந்த படம், பின்னால் துணி காயும் படம் எல்லாம் அந்த நிமிஷமே அழிகின்றன. பழைய காலத்தில் பிரிண்ட் வந்த பிறகுதான் தெரியும், அப்போது கொடுத்த காசுக்காகவாவது ஆல்பத்தில் ஒட்டினார்கள். இப்போது மிஞ்சுவது திரும்பவும் ஸ்டூடியோ முகங்கள்தான். திரைக்குப் பதில் ஓர் அங்காடி வாசல், அவ்வளவே.

கைப்பேசி தொலைந்தால் அதுவும் போயிற்று. வருஷத்துக்குப் பத்துப் படங்களைக் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட அதிகச் செலவாகாது. அந்தப் பத்தில் அழகாக இல்லாத இரண்டைச் சேர்ப்பது நல்லது. பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுத வேண்டும். பேனா மசி மறுபக்கம் ஊறிவிடும். யார் எடுத்தது என்றும் எழுத வேண்டும். பல வீட்டு ஆல்பங்களில் ஒருவர் முகம் மட்டும் காணவே காணாது. காமிராவைப் பிடித்திருந்தவர் அவர். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்க வேண்டும் என்று அந்நாளில் சொல்லிக்கொடுத்ததால், சில படங்களின் அடியோரம் தரையில் ஒரு நிழல் நீண்டு கிடக்கும். இரண்டு முழங்கைகளும் மடங்கி, தலை குனிந்த நிழல்.