உளுந்துப் புரதமும் மரபுக் குறியீடும்

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்பேட்டை, உளுந்தைத் தன் பெயரிலேயே கொண்ட ஊராகும். அகநானூற்றின் 86ஆம் பாடல் மணவிழா உணவில் உழுந்தைக் குறிப்பிடுகிறது. உளுந்தம் பருப்பின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதமாகும். ஆயினும், உடல் தானாக உருவாக்கிக்கொள்ள இயலாத மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் அப்புரதத்தில் குறைவு. இக்குறைக்கான காரணத்தை மரபணுவின் வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபணுவிலிருந்து புரதம் வரை

மரபணு என்பது டி.என்.ஏ.வின் ஒரு பகுதி. அதன் செய்தி முதலில் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அடினின், யுராசில், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு காரங்களே அதன் எழுத்துகள். மும்மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு குறியன் ஆகும். ஆகவே 4 × 4 × 4 = 64 குறியன்கள் அமைகின்றன. அவற்றுள் 61 குறியன்கள் 20 அமினோ அமிலங்களைச் சுட்டுகின்றன. எஞ்சிய மூன்றும் புரதத் தொடரின் முடிவைக் காட்டுகின்றன.

1961ஆம் ஆண்டில் நிரென்பர்க்கும் மத்தேயும் முதல் குறியனின் பொருளைக் கண்டறிந்தனர். இக்குறியீட்டை விளக்கியமைக்காக நிரென்பர்க், ஹர் கோவிந்த் கொரானா, ஹாலி ஆகிய மூவரும் 1968இல் நோபல் பரிசு பெற்றனர். குறியன்களைப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கும் இடம் ரைபோசோம். அதன் அமைப்பை ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர்.

உளுந்தில் நிகழ்வது

லியூசினுக்கு ஆறு குறியன்கள் உண்டு; மெத்தியோனினுக்கோ அடினின்-யுராசில்-குவானின் என்னும் ஒரே குறியன்தான். புரதத் தொடரைத் தொடங்கி வைப்பதும் அதுவே. ஆயினும், குறியன் ஒன்றே என்பது பற்றாக்குறைக்குக் காரணமாகாது. அது மரபணுவில் எத்தனை முறை வருகிறது என்பதே அளவை முடிவுசெய்கிறது. உளுந்து விதையின் முதன்மைச் சேமிப்புப் புரதமான குளோபுலினின் மரபணுக்களில் அது அரிதாகவே வருகிறது. தொடக்கத்தில் சேரும் மெத்தியோனினும், புரதம் முதிரும்போது அதன் முன்பகுதியோடு வெட்டி நீக்கப்படுகிறது.

உரமிடுதல் எந்தப் புரதம் எவ்வளவு உருவாகும் என்பதை மாற்றலாம். ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையை மாற்றாது. வரிசை மாற வேண்டுமெனில் மரபணு மாற வேண்டும். எனவே விளைச்சல் பெருகுவதால் மட்டும் இக்குறை நீங்கிவிடாது.

அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. மெத்தியோனின் உளுந்தினும் மிகுதி. உளுந்தில் லைசின் மிகுதி. இட்லியிலும் தோசையிலும் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது.

முடிவுரை

உணவின் தரத்தைப் புரதத்தின் அளவு மட்டும் காட்டுவதில்லை. மரபணு வகுத்த அமினோ அமில விகிதமும் காட்டுகிறது. பயிர் மேம்பாட்டு ஆய்வுகள் விளைச்சலோடு இவ்விகிதத்தையும் கருதுதல் வேண்டும். அதுவரை, பருப்பையும் தானியத்தையும் சேர்த்துண்ணும் வழக்கமே எளிய தீர்வாக அமைகிறது.